தசை கேட்கும் வேலை

"விடிஞ்சா அடைஞ்சா ஓட்டந்தான். இதுல இன்னும் என்னத்த நடக்கச் சொல்லுதாரு அந்த டாக்டரு?" என்று சென்ற ஆடி மாதத்தில் என் சித்தி கேட்டாள்.

சித்தி தாராவியில் தொண்ணூறடிச் சாலைக்குப் பின்புறம் ஒரு சந்தில் குடியிருக்கிறாள். காலை ஐந்து மணிக்குக் குழாயடி. ஏழரைக்குள் நால்வர்க்குச் சமையல். பத்து மணி முதல் ஆறு மணி வரை பை தைக்கும் பட்டறை. திரும்பி வந்தால் மீண்டும் அடுப்படி. அகவை நாற்பத்து மூன்று. பார்ப்பதற்குப் பருமனும் இல்லை. இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தபோது சர்க்கரை கூடியிருந்தது. பேறு முடிந்ததும் இறங்கிவிட்டது. அதன் பின்னர்ப் பதினான்கு ஆண்டுகள் அதனைப் பற்றி அவளை யாரும் கேட்கவுமில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. ஆடியில் எடுத்த இரத்தச் சோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை என்பர். மருத்துவர் இரண்டு நிமிடத்தில், "நடந்து பழகுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஏன், எப்படி, எவ்வளவு என்று சொல்லும் வேலை, உயிரியலில் முதுகலை பயில்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் என் தலையில் விழுந்தது.

அன்று எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்ததை இங்கு எழுதுகிறேன். சித்திக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. நம் விடுதித் தோழியர் சிலர் பின்கழுத்தில் படரும் கருமையை அழுக்கென்று எண்ணி எலுமிச்சைத் தோலால் தேய்ப்பதைக் கண்டிருக்கிறேன். நானும் இரண்டாண்டு தேய்த்தவளே. வெல்வெட்டுப் போல் தடித்துக் கறுக்கும் அத்தோல் பெரும்பாலும் உள்ளே இன்சுலின் மிகுந்திருப்பதன் வெளி அடையாளம். எலுமிச்சைக்கு அங்கே வேலையில்லை.

இன்சுலின் மிகுவது ஏன்? தாராவியில் இருப்போர் நன்கறிந்த காட்சி ஒன்றைக் கொண்டே சொல்லுகிறேன். குழாயில் தண்ணீர் வரும் நேரம் கணக்கானது. வந்தவுடன் ஒருத்தி சந்தில் நின்று குரல் கொடுப்பாள். வீட்டுக்குள் அடுக்கியிருக்கும் குடங்கள் வாசலுக்கு வரும். தண்ணீர் முகந்து உள்ளே போகும். உண்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை இந்தத் தண்ணீரைப் போன்றது. கணையம் சுரக்கும் இன்சுலின்தான் குரல். தசை அணுவுக்குள் குடங்களாக அடுக்கியிருப்பவை குளூட்-4 என்னும் புரதங்கள். குரல் கேட்டால் அவை அணுவின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடும். உள்ளே இருப்பவர்களுக்குக் காது மந்தமாகிவிட்டால் என்ன ஆகும்? குரல் கொடுப்பவள் மேலும் உரக்கக் கூவுவாள். சில காலம் அந்தக் கூச்சலால் வேலை நடக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகவே இருக்கும். நமக்கு நோயில்லை என்று எண்ணிக்கொண்டிருப்போம். கூவிக் கூவித் தொண்டை கட்டும் நாளில்தான் தண்ணீர் தெருவில் ஓடுவது தெரியும். காது மந்தமாகும் இந்நிலையே இன்சுலின் எதிர்ப்பு. தொண்டை கட்டிய நிலை நீரிழிவு. இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம். அந்த ஆண்டுகளைப் பற்றியே இக்கட்டுரை.

நீரிழிவு என்றால் இன்சுலின் குறைவு என்றே முதலில் எல்லாரும் கருதினர். 1921-இல் டொரண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் அவ்வாறு கருதியது இயல்பே. 1936-இல் இலண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்னும் மருத்துவர், இன்சுலினுக்கு உடல் இணங்கும் நீரிழிவு ஒன்று, இணங்காத நீரிழிவு ஒன்று என இரு வகையுண்டு என்று காட்டினார். இரத்தத்தில் இன்சுலினை நேரே அளந்து பார்க்க அப்போது வழியில்லை. அந்த வழியை 1960 அளவில் நியூயார்க்கில் வகுத்தவர்கள் ரோசலின் யாலோ என்ற பெண்மணியும் பெர்சனும் ஆவர். நடுவயதில் வரும் நீரிழிவில் பலர்க்கு இன்சுலின் குறைந்திருக்கவில்லை, மிகுந்தே இருந்தது என்பதை அவர்கள் கருவி காட்டியது. பெர்சன் 1972-இல் மறைந்துவிட்டமையால் 1977-இன் நோபெல் பரிசில் அவர்க்குப் பங்கு கிட்டவில்லை. யாலோ பௌதிகம் படித்தவர் என்பதை நம் பௌதிகத் துறைத் தோழியர் குறித்துக்கொள்க.

இனித் தசைக்கு வருவோம். இன்சுலின் மிகுந்துள்ள வேளையில் இரத்தத்திலிருந்து வெளியேறும் சர்க்கரையில் ஐந்தில் நான்கு பங்கு வரை எலும்பைப் பற்றிய தசைகளே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே தசையின் காது மந்தமானால் வேறெங்கு ஈடு செய்தாலும் போதாது. தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் கொழுப்புச் சேர்வது இம்மந்தத்துக்கு முக்கிய காரணங்களில் ஒன்று. ஆனால் தசைக்கு இயற்கை இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. தசை சுருங்கி விரிந்து உழைக்கும்போது, அவ்வுழைப்பாலேயே குளூட்-4 மேற்பரப்புக்கு வந்துவிடும். இன்சுலினின் குரல் அதற்குத் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்களுக்குத் தாகம் எடுத்தால் சந்தில் ஒருத்தி கூவ வேண்டுமா? தாமே குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இதில் வியப்பு யாதெனில், இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசையிலும், நீரிழிவு வந்துவிட்டவர் தசையிலுங்கூட, இந்த இரண்டாம் வழி பெரும்பாலும் கெடாமலே இருக்கிறது. அதுமட்டுமன்று. ஒருமுறை நன்றாக உழைத்த தசைக்கு அடுத்த ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலினின் குரலும் தெளிவாகக் கேட்கிறது. மூன்றாம் நாள் ஆகும்போது அப்பயன் தேய்ந்துவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. ஞாயிறு ஒருநாள் நான்கு மணி நேரம் மலையேறிவிட்டு ஆறு நாள் உட்கார்ந்திருப்பதைவிட, ஒன்றுவிட்ட நாள் அரைமணி உழைப்பது மேல்.

பெண்களுக்கு இதில் தனிக்கவனம் ஏன் என்று கேட்கலாம். பெண்ணின் வாழ்வில் இன்சுலின் எதிர்ப்பு தலைதூக்கும் வாயில்கள் சில உண்டு. கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் நச்சுக்கொடியின் சுரப்புகளால் எல்லாத் தாய்மார்க்குமே எதிர்ப்புக் கூடும். அதனை ஈடுகட்டக் கணையத்தால் இயலாதவர்க்குச் சர்க்கரை ஏறும். பேற்றுக்குப்பின் அது இறங்கினாலும், அத்தாய்மார் பின்னாளில் நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்குக் குறையாது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கண்டு 2009-இல் வெளியிட்டனர். சித்தியின் பதினான்கு ஆண்டு மௌனத்தின் விலை அது. அடுத்த வாயில், நம் அகவையில் மிகுதியாகப் பேசப்படும் சினைப்பை நீர்க்கட்டி நிலை, பி.சி.ஓ.டி. என்றால் எல்லார்க்கும் புரியும். மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்மைச் சுரப்புகளைப் பெருக்குகிறது; மாதவிலக்குத் தள்ளிப்போகிறது; முகத்தில் முடி அரும்புகிறது. இந்நிலையுள்ள எல்லார்க்கும் இன்சுலின் எதிர்ப்பு இருப்பதில்லை, பலர்க்கு உண்டு. மாதவிலக்கு நிற்கும் பருவம் மூன்றாவது வாயில். வயிற்றுக்குள் கொழுப்புச் சேரத் தொடங்குவது அப்போதுதான்.

"நான் ஒல்லிதானே" என்ற தேறுதலும் நமக்குப் பயன்படாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். இருவர்க்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடை பார்க்கும் எந்திரம் தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. பெண்களுக்கு இயல்பாகவே தசை குறைவு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இப்போது சித்தியின் கேள்விக்கு வருகிறேன். நாளெல்லாம் ஓடுகிறவளுக்குத் தனியே பயிற்சி எதற்கு? அவள் பிழையாகக் கேட்கவில்லை. எந்த அசைவும் பயனற்றதன்று என்றே உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. பத்து நிமிடம் தொடர்ந்தால்தான் கணக்கு என்ற பழைய வரம்பையும் அது நீக்கிவிட்டது. ஆகவே குழாயடியும் கணக்கில் சேரும். நான் ஒருநாள் முழுதும் சித்தியோடிருந்து, அவளுடைய தொடைத் தசைகள் மூச்சு வாங்குமளவு உழைத்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்தேன். நிறைகுடங்களைத் தூக்கி வந்தது ஏழு நிமிடம். பட்டறை மாடிப்படி ஏறியது ஒரு நிமிடம். மற்றதெல்லாம் நிற்றல், குனிதல், சந்துக்குள் நாலடி நடந்து நிற்றல். எட்டு மணி நேரம் உட்கார்ந்தே தைத்தல். சித்திக்குக் களைப்பு உண்டு, அது பொய்யன்று. களைப்பு வேறு, தசைக்கு வேண்டிய உழைப்பு வேறு. உறக்கக் குறைவும் நெடுநேரம் நிற்பதும் களைப்பைத் தரும். தசைக்கு எதையும் தரா.

அவள் ஆச்சி காலத்தில் ஆட்டுக்கல்லும் அம்மியும் உலக்கையும் தோளையும் முதுகையும் இடுப்பையும் வாங்கின. அக்காலத்தை நான் அழைக்கவில்லை. உலக்கையைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் அதனைப் பிடித்தறியாதவர்கள். ஆனால் அவ்வுழைப்பு போன இடத்தில் வேறொன்று வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சித்தியின் தையல் எந்திரங்கூட முன்பு காலால் மிதிப்பது. இப்போது மின்விசையால் ஓடுகிறது.

இந்நிலை சித்தி ஒருத்திக்கு மட்டும் வந்ததன்று. தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 54.4 விழுக்காட்டினர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இக்குறை மிகுதி. ஓய்வு நேரத்தில் விளையாட்டாகவோ பயிற்சியாகவோ உடலை இயக்குவோர் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை.

பயிற்சியால் உண்மையில் பயன் விளையுமா? சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டனர். அறிவுரையும் மருந்தும் இல்லாத பிரிவில் மூன்றாண்டுக்குள் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் சென்றுவிட்டனர். நாள்தோறும் அரைமணியாவது நடத்தல், உணவைச் சீர்செய்தல் என்று பழகிய பிரிவில் அது 39.3 விழுக்காடாயிற்று. மெட்பார்மின் மாத்திரை தந்த பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். நான் இதில் குறிப்பாகக் கண்டது, நடந்தவர்களின் உடல் எடை பெரிதாகக் குறையாமலே இப்பயன் கிட்டியது என்பதாகும். ஒரு மாதம் நடந்து, எடை குறையவில்லை என்று மனம் சோர்ந்து விட்டுவிடும் தோழியர் இதனை நினைவில் வைத்தல் நன்று. எடை எந்திரம் காட்டாத மாறுதல் தசைக்குள் நடக்கிறது. ஒரு குறையும் சொல்ல வேண்டும்: அந்த 531 பேரில் பெண்கள் 110 பேரே.

எந்தப் பயிற்சி? சினைப்பை நீர்க்கட்டி நிலைக்காக 2023-இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த நெறிமுறை, ஒருவகைப் பயிற்சி மற்றதைவிடச் சிறந்தது என்று சொல்லச் சான்றில்லை என்றே ஒப்புக்கொள்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. அதனோடு வாரத்தில் இருநாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதம் என்பது யாது? பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. கைப்பையை ஆட்டிக்கொண்டு மாட்டுங்காச் சந்தையில் பூ விலை கேட்டுக்கொண்டு போவது அந்த நடையன்று.

வலுவூட்டும் பயிற்சி என்றவுடன் இரும்புக் குண்டும் மாதக் கட்டணமும் நினைவுக்கு வரவேண்டா. பிள்ளையார்முன் தோப்புக்கரணம் போடாத தமிழ்ப்பிள்ளை உண்டோ? தொடையும் பிட்டமும் உடலின் மிகப் பெரிய தசைகள். சர்க்கரைக்கு மிகப் பெரிய குடங்கள் அங்கேதான். மெதுவாக இறங்கி, மெதுவாக எழுந்து, பத்துமுறை. சற்று இளைப்பாறி மீண்டும் பத்து. இப்படி மூன்று தடவை. முழங்கால் வலிப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்தால் போதும். சுவரில் கையூன்றி மார்பைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளி மீளுதல் தோளுக்கு. படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குதல் கெண்டைக்காலுக்கு. எளிதாகிவிட்டால் கையில் தண்ணீர்க் குப்பிகளைப் பிடித்துக்கொள்க. எளிதாகிவிட்ட வேலையைத் தசை பொருட்படுத்தாது. சித்தியின் குடத்துக்கும் அதுவே கதி.

நேரமே இல்லாதவர்க்கு ஒரு நற்செய்தி உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் நீரிழிவுடைய 41 பேரை இருவகையாக நடக்கச் செய்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். ஏதேனும் ஒருவேளை அரைமணி நடந்ததைவிட, மூன்று வேளையும் உண்டபின் பத்துப்பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்திய சர்க்கரை 12 விழுக்காடு குறைவாயிருந்தது. இரவு உணவுக்குப்பின் 22 விழுக்காடு. அவர்கள் நம்மவரல்லர், நாம் உண்ணும் சோற்றை அவர்கள் உண்பவருமல்லர். எனினும் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தை எடுத்தால் மிகுதியாக நிரம்பும் என்பதில் நியூசிலாந்துக்கும் தாராவிக்கும் வேறுபாடிருக்க நியாயமில்லை.

இவ்வளவும் சொன்னபின் சித்தி அடுத்த கேள்வியைக் கேட்டாள். "எங்க நடக்க?"

நூல்களில் இதற்கு விடை தேடினால் ஒன்றுதான் கிடைத்தது. சென்னைத் திருமங்கலத்தில் ஆசியாட் குடியிருப்பு என்றொரு பகுதி. அங்கு நீரிழிவு ஆய்வு செய்த மருத்துவர் மோகன் குழுவினர் உடற்பயிற்சியின் தேவையை எடுத்துச் சொன்னார்கள். குடியிருப்போர் அதனைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. தம் கைப்பொருளைக் கொண்டு ஒரு பூங்காவை அமைத்தனர். முன்பு வாரத்தில் மூன்று நாளுக்குமேல் பயிற்சி செய்தோர் 14.2 விழுக்காடு, பூங்கா வந்தபின் 58.7 விழுக்காடு. இவ்விவரம் 2006-இல் வெளிவந்தது. அறிவுரை அதேதான், அறிந்தவர்களும் அவர்கள்தாம். இடம் வந்தது, கால்கள் நடந்தன. மக்களுக்கு மனமில்லை என்று சொல்வோர்க்கு இதைவிட வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

ஆசியாட் குடியிருப்பு நடுத்தரவர்க்கத்தார் வாழுமிடம். கையில் பொருளும் இருந்தது, வெற்றிடமும் இருந்தது. நம் பம்பாயில் மாட்டுங்காவாசிக்கு ஐந்து தோட்டங்கள் உள்ளன. செம்பூர்வாசிக்கு டைமண்ட் தோட்டம். தாராவிக்காரிக்கு? பக்கத்திலேயே மித்தி ஆற்றோரம் மகாராட்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பை மேடாயிருந்த நிலத்தைக் காடாக்கி 1994-இல் திறந்தார்கள். அழகிய இடம். ஆனால் சித்திக்குப் பகலில் ஓய்வென்பது ஞாயிறு மட்டுமே. அன்றாடத்துக்கு அது உதவாது. இடம் இல்லாதவர்க்கு நான்கடிச் சதுரமே இடம் என்று கொள்ள வேண்டியதுதான். சென்னையில் 'தாண்டவ்' என்ற பெயரில் பத்தே நிமிட வேக ஆட்டம் ஒன்றைப் பள்ளி மாணவியர்க்காக அமைத்து, உடல்வலு கூடியதை வெளியிட்டிருக்கிறார்கள். நம் மன்றத்துப் பொங்கல் விழாவில் ஆண்டுக்கொருமுறை ஆடும் கும்மியை வாரம் மும்முறை ஆடினால் என்ன? குனிந்து நிமிர்ந்து ஆடும் பழைய கும்மியைச் சொல்லுகிறேன். மேடையில் நின்ற இடத்திலேயே கைதட்டும் புதிய கும்மியையன்று.

சில எச்சரிக்கைகள். இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்க்குப் பயிற்சியின்போது சர்க்கரை மிகவும் இறங்கலாம். மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவதும், கையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருப்பதும் வேண்டும். கருவுற்றோரும், நடந்தால் மார்பு வலிப்போரும், பாதம் மரத்தோரும் கேட்காமல் தொடங்கலாகாது. இரத்தசோகை உள்ள பெண்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு சில வேளை ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைந்தால் அது உண்மைக்கு மேலாகக் காட்டக்கூடும். ஐயம் இருப்பின் 75 கிராம் குளுக்கோசு குடித்து இரண்டு மணி கழித்துப் பார்க்கும் சோதனையைக் கேட்டுப் பெறுக. சித்திக்கு அதனையும் செய்து பார்த்தோம், 162 வந்தது. 140-க்குள் இருந்திருக்க வேண்டும்.

ஆவணி முதல் சித்தி இரவு உணவுக்குப்பின் பக்கத்து வீட்டார் இருவரோடு தொண்ணூறடிச் சாலையில் இருபது நிமிடம் நடக்கிறாள். தனியே போக அஞ்சினாள். மூவராகப் போக அச்சமில்லை. தொடக்கத்தில் சந்து முனையில் இருந்தவர்கள், "எங்க ஊர்வலம்?" என்று கேட்டார்களாம், இப்போது கேட்பதில்லை. செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்குள் தோப்புக்கரணம், கதவு சாத்தியிருக்கும். அந்த இருபது நிமிடத்தில் பாத்திரம் கழுவுவது சித்தப்பாவின் வேலையாயிற்று. முதல் வாரத்தில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் உடைந்தன. மழை பெய்த நாட்களில் நடை நின்றுபோனதும் உண்டு. கார்த்திகையில் மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டும். அன்று நானும் உடன் சென்று என் இரத்தத்தையும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.